அதே மாடிப்படி, குறைந்த மூச்சு

உடற்பயிற்சி தொடங்கி இரண்டு மாதம் ஆனதும் வருகிற முதல் கேள்வி, "ஏதாவது குறைஞ்சிருக்கா?" என்பதுதான். கேட்பவர் மனதிலும் பதில் சொல்பவர் மனதிலும் இருப்பது எடை. மெஷினில் எண் மாறவில்லை என்றால், பட்ட பாடெல்லாம் வீண் என்று முடிவு கட்டி ஷூவைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள். உடம்புக்குள்ளே பயிற்சி நன்றாகப் பலித்துக்கொண்டிருக்கும் வாரங்களில்தான் இப்படிக் கைவிடுதல் அதிகம் நடக்கிறது. வருத்தமான விஷயம் இது, எளிதில் தவிர்க்கக்கூடியதும்கூட.

முதலில் எடைக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 70 கிலோ உள்ள ஒருவர் அரை மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் சுமார் 150 கலோரி செலவாகும். வாரம் 5 நாள் நடந்தால் 750. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. சாப்பாட்டில் எதையும் கூட்டாமல் குறைக்காமல் இருந்தால், வாரத்துக்கு 100 கிராம், மாதத்துக்கு 400 கிராம் குறையலாம். நம் எடையோ குடித்த தண்ணீர், சாப்பிட்ட உப்பு, வயிறு காலியா இல்லையா, மாதவிடாய் எந்த நாள் என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு கிலோ சாதாரணமாக ஏறி இறங்கும். அவ்வளவு ஆட்டத்துக்குள் 400 கிராம் கண்ணுக்கே படாது.

இன்னொன்று, ஆரம்ப வாரங்களில் எடை கூடவும் செய்யலாம். தசைகள் எரிபொருளாக வைத்திருக்கும் சர்க்கரைச் சேமிப்பான கிளைகோஜனை முன்பைவிட அதிகமாகச் சேமிக்கத் தொடங்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்தே தங்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதியும் முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே அதிகரிக்கும். இரண்டுமே நல்ல மாற்றங்கள். ஆனால் மெஷினில் அவை 'வெயிட் போட்டுட்டோம்' என்றுதான் தெரியும்.

பிறகு எதைப் பார்ப்பது? அதே வேலையை உடம்பு இப்போது குறைந்த செலவில் செய்து முடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே மாடிப்படி, அதே வேகம், அதே டம்பெல். முன்பு வாங்கிய மூச்சு இப்போது வாங்குகிறதா? துடிப்பு எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது? இந்தக் கேள்விகளில் 'அதே' என்பதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். போன மாதம் காலையில் வெறும் வயிற்றில் நடந்ததையும் இந்த மாதம் வெயிலில், தூக்கம் கெட்ட மறுநாள் நடந்ததையும் ஒப்பிட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

காலைத் துடிப்பு

செலவே இல்லாத அளவு இது. காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காருவதற்கு முன், ஃபோனை எடுத்துச் செய்தி படிப்பதற்கும் முன், படுத்தபடியே நாடி பார்க்க வேண்டும். உள்ளங்கை மேலே பார்த்திருக்க, கட்டை விரலின் அடியிலிருந்து மணிக்கட்டுக்கு வந்தால் எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவில் சின்னப் பள்ளம் தட்டுப்படும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அங்கே மெதுவாக வைக்க வேண்டும். அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும். கட்டை விரலால் பார்க்கக் கூடாது, அந்த விரலின் சொந்தத் துடிப்பே குழப்பிவிடும். 60 நொடி முழுதாக எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு துடிப்பைத் தவறவிடுவது நான்கு துடிப்புப் பிழையாகிவிடும். நாம் தேடும் மாற்றமே அந்த அளவுதான்.

வாரத்தில் தொடர்ந்து 3 நாள் எண்ணி, மூன்றில் நடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 71, 66, 68 என்று வந்தால் 68. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்று மருத்துவத்தில் வைத்திருக்கிறார்கள். நீண்டநாள் ஓட்டப் பயிற்சி செய்தவர்களுக்கு 60-க்குக் கீழே, 40-களில்கூட இருக்கும். நடை, ஓட்டம், சைக்கிள், நீச்சல் என்று மூச்சு வாங்கும் பயிற்சியை ஒழுங்காகச் செய்பவருக்கு இரண்டு மூன்று மாதத்தில் மூன்றிலிருந்து ஆறு துடிப்பு வரை இறங்கினாலே நல்ல பலன். கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் நிமிடத்துக்கு 5 துடிப்பு குறைந்தால் ஒரு நாளைக்கு 7,200 துடிப்பு குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதலாக ரத்தம் தள்ளுவதால்தான் இது முடிகிறது.

வெறும் வெயிட் மட்டும் தூக்குகிறவர்களுக்கு இந்த எண் பெரிதாக அசையாமல் இருக்கலாம். அவர்கள் பார்க்க வேண்டிய அளவு வேறு, கீழே வருகிறது. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மருந்தே துடிப்பைக் கட்டுப்படுத்துவதால், இந்த எண்ணையும் அடுத்து வரும் படிச் சோதனையின் எண்ணையும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மூச்சு, தூரம், நேரம் ஆகியவையே அவர்களுக்கு அளவு.

மூன்று நிமிடப் படிச் சோதனை

ஒரே ஒரு சோதனைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யலாம். 30 சென்டிமீட்டர் உயரமுள்ள, ஆடாத ஒரு படியோ பெட்டியோ வேண்டும். ஃபோனில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 96 தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கால்: வலது மேலே, இடது மேலே, வலது கீழே, இடது கீழே. நான்கு தட்டுக்கு ஒரு முறை ஏறி இறங்கினால் நிமிடத்துக்கு 24 முறை. இப்படி மூன்று நிமிடம். முடிந்ததும் உடனே நாற்காலியில் உட்கார்ந்து, 5 நொடிக்குள் நாடியைப் பிடித்து, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அந்த எண்தான் உங்கள் மதிப்பெண். நான்கு வாரத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். எண் இறங்க இறங்க, அதே மூன்று நிமிட வேலைக்கு இதயம் கொடுக்கும் விலை இறங்குகிறது என்று பொருள்.

இதில் பெரும்பாலும் நடக்கும் தவறு நாடியைத் தாமதமாகப் பிடிப்பதுதான். நின்ற முதல் சில நொடிகளிலேயே துடிப்பு வேகமாக இறங்கத் தொடங்கிவிடும். 15 நொடி தடவிக்கொண்டிருந்துவிட்டு எண்ண ஆரம்பித்தால், தேறாத உடம்பும் தேறியதாகக் காட்டும். இரண்டாவது, சுவரையோ கைப்பிடியையோ பிடித்துக்கொள்வது. கை தாங்கும் எடை காலுக்குக் குறைந்துவிடுகிறது. மூன்றாவது, தட்டை முந்திக்கொண்டு ஏறுவது. முதல் தடவை தாளம் பழகவே நேரம் எடுக்கும் என்பதால், அன்று கிடைத்த எண்ணை விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்துச் செய்ததைத் தொடக்க அளவாக வைத்துக்கொள்வது நல்லது. காபியும் துடிப்பை மாற்றும். சோதனைக்கு முன் மூன்று மணி நேரம் குடிக்காமல் இருக்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களும் தலைசுற்றல் வருகிறவர்களும் இதைத் தவிர்த்துவிட்டு, சமதளத்தில் ஒரே பாதையை ஒரே வேகத்தில் நடந்து துடிப்பைப் பார்க்கலாம்.

கையில் துடிப்பு காட்டும் வாட்ச் இருந்தால் கூடுதலாக ஒன்று பார்க்கலாம். வேகமாக நடந்தோ ஓடியோ முடித்த நொடியில் என்ன துடிப்பு, ஒரு நிமிடம் கழித்து என்ன துடிப்பு? 150-இல் நிறுத்தி ஒரு நிமிடத்தில் 125-க்கு வந்தால் வித்தியாசம் 25. பயிற்சி ஏற ஏற இந்த வித்தியாசம் பெரிதாகும். முதல் நிமிடத்தில் 12 அல்லது அதற்குக் குறைவாகவே இறங்குவதை மருத்துவர்கள் கவனிக்க வேண்டிய அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இந்த எல்லையைப் பரவலாக்கியது. கடினமாக உழைத்து நிறுத்திய பிறகும் உங்கள் எண் தொடர்ந்து அதற்குள்ளேயே நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒருநாள் உட்கார்ந்தும் ஒருநாள் மெதுவாக நடந்தும் அளந்தால் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. எப்படி நிறுத்துகிறீர்களோ, எப்போதும் அப்படியே நிறுத்துங்கள்.

வாட்ச் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. எரித்த கலோரியிலோ, இருப்பதிலேயே நல்ல கருவியும் சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். வாட்ச் 400 கலோரி என்று சொன்னதை நம்பி அதற்கு ஈடாகச் சாப்பிடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெயிட் தூக்குகிறவர்களுக்கு

இங்கே நோட்டுப் புத்தகம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஃபோனில் எழுதினாலும் சரி. ஒரு வரி இப்படி இருந்தால் போதும்: 'ஸ்குவாட், 20 கிலோ, 10-10-8, இடைவெளி 90 நொடி, கடைசி செட்டில் மிச்சம் 1.' ஸ்குவாட் என்பது எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி. 10-10-8 என்பது மூன்று செட்டில், அதாவது மூன்று சுற்றில், செய்த எண்ணிக்கை. மிச்சம் என்பது, நிறுத்திய இடத்திலிருந்து உடல் நிலை கெடாமல் ஒழுங்கான முறையில் இன்னும் எத்தனை முறை செய்திருக்க முடியும் என்ற நேர்மையான மதிப்பீடு. அடுத்த வாரம் அதே 20 கிலோ, அதே 10-10-8, மிச்சம் 3 என்று வந்தால் எடையும் எண்ணிக்கையும் மாறாமலேயே பலம் ஏறியிருக்கிறது. இந்த மிச்சத்தை எழுதாதவர்கள், நாம் ஒரே இடத்தில் நிற்கிறோம் என்று தவறாக நினைத்துக்கொள்வார்கள்.

வேறு வேறு எடையில் செய்த நாள்களை ஒப்பிட எளிய கணக்கு ஒன்று இருக்கிறது: தூக்கிய எடையை 30-ஆல் வகுத்து, செய்த எண்ணிக்கையால் பெருக்கி, வந்ததை அந்த எடையோடு கூட்டுங்கள். 20 கிலோவை முடியும் மட்டும் 8 முறை தூக்கினால் 25.3, 12 முறை தூக்கினால் 28. ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையின் தோராயம் இது. 10 முறைக்கு மேல் போகப் போகத் துல்லியம் குறையும். முன்னேற்றத்தைப் பார்ப்பதற்கு அது போதும்.

முதல் ஒன்றிரண்டு மாதத்தில் பலம் மளமளவென்று ஏறும், கை சுற்றளவோ அப்படியே இருக்கும். 'வெயிட் ஏறுது, பாடி ஏறலையே' என்ற புலம்பல் இங்கேதான் வரும். இது சரியாகத்தான் நடக்கிறது. ஆரம்பப் பலம் பெரும்பாலும் நரம்புகளிலிருந்து வருகிறது. தசையில் ஏற்கெனவே இருக்கும் இழைகளை இன்னும் அதிகமாக, ஒன்றுசேர்த்து இயக்க மூளை கற்றுக்கொள்கிறது. மொரிட்டானி, டிவ்ரீஸ் என்ற ஆய்வாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தசை பருத்தது கண்ணுக்குத் தெரிய பெரும்பாலோருக்கு 8 முதல் 12 வாரம் ஆகும். தசைநார்கள் தசையைவிட மெதுவாகத்தான் பழகும். அதனால் முதல் மாதத்தில் எடை ஏற்றும் ஆசையை அடக்கிக்கொள்வது முழங்கைக்கும் தோளுக்கும் நல்லது.

பொய்யான முன்னேற்றத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்குவாட்டில் 20 கிலோவிலிருந்து 30 கிலோ ஏறியிருக்கும். பக்கவாட்டில் வீடியோ எடுத்துப் பார்த்தால், முன்பு தொடை தரைக்கு இணையாக வரும் வரை உட்கார்ந்தவர் இப்போது பாதி வழியிலேயே எழுந்துவிடுவார். புஷ் அப்பில் எண்ணிக்கை 12-இலிருந்து 20 ஆகியிருக்கும். மார்பு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே நின்றுவிடும். செட்டுகளுக்கு நடுவில் 90 நொடி எடுத்தவர் பேச்சுவாக்கில் 4 நிமிடம் எடுப்பார். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, எடை கூடும்போது உடம்பே சுருக்குவழி தேடிக்கொள்கிறது. மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் ஃபோனை வைத்து, ஒரு செட்டைப் பதிவு செய்து பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீடியோ காட்டுவதை மறுக்க முடியாது.

வயதானவர்களுக்கு இதற்கு ஈடான எளிய சோதனை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. சுமார் 43 சென்டிமீட்டர் உயரமுள்ள, கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுதாக நிமிர்ந்து நிற்க முடிகிறது என்று எண்ண வேண்டும். கையை ஊன்றினால் அந்த முறை கணக்கில் சேராது. 9 என்றிருந்தது இரண்டு மாதத்தில் 12 ஆனால், கழிப்பறையிலும் பேருந்துப் படியிலும் அந்தப் பலம் கைகொடுக்கும். வீட்டில் பெரியவர்கள் யாரேனும் பயிற்சி தொடங்கினால் முதல் நாளே இதை எண்ணிக் குறித்து வைத்துவிடுங்கள். எடையைவிட இந்த எண் அவர்களுக்கு ஆயிரம் மடங்கு முக்கியம்.

இஞ்ச் டேப், பிபி, ரத்தப் பரிசோதனை

எடை அசையாதபோதும் இடுப்பு குறையலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், டேப் தரைக்கு இணையாக, தோலை அழுத்தாமல், இயல்பாக மூச்சை விட்ட முடிவில் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுக்கக் கூடாது. இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். மாதம் ஒருமுறை போதும். உயரத்தில் பாதிக்குக் கீழே இடுப்பளவு இருப்பது பொதுவான இலக்கு.

ரத்த அழுத்தத்தைப் பயிற்சி முடித்த கையோடு பார்க்கக் கூடாது. அப்போது தற்காலிகமாகவே இறங்கியிருக்கும், சில மணி நேரம் அது நீடிக்கவும் செய்யும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, கை இதய உயரத்தில் இருக்க 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை எடுத்துச் சராசரி பாருங்கள். பிபி ஏற்கெனவே அதிகமாக இருப்பவர்களுக்கு மேல் எண்ணில் 5 முதல் 8 வரை இறங்க வாய்ப்புண்டு. இயல்பாக இருப்பவர்களுக்கு இறங்குவது குறைவு, அதை வைத்துப் பயிற்சி பலிக்கவில்லை என்று சொல்ல முடியாது. மாத்திரையை நாமாக நிறுத்தும் பேச்சுக்கே இடமில்லை.

மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை, பயிற்சி தொடங்கி மூன்று மாதம் கழித்துப் பார்த்தால்தான் அர்த்தம். ஆறாவது வாரத்தில் எடுத்தால் பழைய வாரங்களின் கணக்கும் அதில் கலந்திருக்கும். இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளுக்குப் பயிற்சியால் மட்டும் சராசரியாக 0.6, 0.7 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. கொலஸ்ட்ரால் அறிக்கையில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு இறங்குவதும் 'நல்ல' கொலஸ்ட்ராலான ஹெச்டிஎல் சற்று ஏறுவதும்தான் எதிர்பார்க்கக்கூடியவை. 'கெட்ட' கொலஸ்ட்ராலான எல்டிஎல் பெரிதாக அசையாவிட்டால் ஏமாற்றம் அடைய வேண்டியதில்லை.

வியர்வையும் உடம்பு வலியும் இந்தப் பட்டியலில் வராது. வியர்ப்பது வெப்பம், ஈரப்பதம், ஆளுக்கு ஆள் வேறுபடும் உடல்வாகு ஆகியவற்றைப் பொறுத்தது. பயிற்சி பெற்ற உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும் என்பது உண்மை, ஆனால் நனைந்த பனியனை வைத்து கொழுப்புக் கணக்குப் போட முடியாது. பழகாத வேலை செய்த மறுநாளிலிருந்து மூன்று நாள் வரை இருக்கும் தசைவலி, அந்த வேலை புதியது என்பதைத்தான் சொல்கிறது. அதே பயிற்சியைத் திரும்பச் செய்யும்போது வலி குறைவது தேறிவருவதன் அடையாளம். வலிக்கவில்லையே என்று வேண்டுமென்றே வலியைத் தேடிப் போகிறவர்கள் காயத்தில் போய் நிற்பார்கள்.

எண்கள் அசையாதபோது

12 வாரம் ஆகியும் காலைத் துடிப்பு, படிச் சோதனை, நோட்டுப் புத்தகம் மூன்றுமே அப்படியே இருந்தால், பெரும்பாலும் சுமை போதவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் உழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசைப் பயிற்சி என்கிறது. மிதம் என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நடந்துகொண்டே சாவகாசமாகப் பாட முடிகிறது என்றால் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

ஆளுக்கு ஆள் பலன் பெரிதாக வேறுபடும் என்பதும் உண்மை. ஹெரிட்டேஜ் என்ற குடும்ப ஆய்வில் நூற்றுக்கணக்கானவர்கள் 20 வாரம் ஒரே மாதிரியான சைக்கிள் பயிற்சி செய்தார்கள். சிலருக்கு ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன் வெகுவாக ஏறியது, சிலருக்கு ஏறவே இல்லை என்று சொல்லும்படி இருந்தது. ஏறாதவர்கள் சபிக்கப்பட்டவர்கள் என்று நினைக்க வேண்டாம். மொன்டேரோ, லண்ட்பி என்ற ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பலன் தெரியாதவர்களுக்கு வாரத்தில் மேலும் இரண்டு முறை பயிற்சி கூட்டியதும் எல்லோருக்குமே திறன் உயர்ந்தது. நாள்களைக் கூட்டுங்கள், அல்லது நேரத்தை, அல்லது வேகத்தை. மூன்றையும் ஒன்றாகக் கூட்டினால் எது வேலை செய்தது என்றும் தெரியாது, உடம்பும் தாங்காது.

வருடக்கணக்கில் பயிற்சி செய்கிறவர்களுக்கு எண் அசையாமல் இருப்பதே பலன். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1966-இல் 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் முழுக்கப் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. 30 வருடம் கழித்து அதே ஐந்து பேரைச் சோதித்தபோது, முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது. ஐம்பது வயதில் நாற்பத்தைந்து வயதின் எண்ணைக் காத்து நிற்பவர் நன்றாகவே போய்க்கொண்டிருக்கிறார்.

எண்கள் எதிர்த்திசையில் போனால்தான் கவனம் தேவை. காலைத் துடிப்பு வழக்கத்தைவிட 5 முதல் 10 வரை கூடி நான்கைந்து நாள் இறங்காமல் நிற்பது, தூக்கிக்கொண்டிருந்த எடை அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை முடியாமல் போவது, களைத்துப் படுத்தும் தூக்கம் வராதது, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல், பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது அல்லது நிற்பது. ஓய்வும் சாப்பாடும் பயிற்சிக்கு ஈடு கொடுக்கவில்லை என்பதன் அடையாளங்கள் இவை. காய்ச்சல் வரப்போகும்போதும் துடிப்பு இப்படி ஏறும். ஒரு வாரம் செட்டுகளையும் தூரத்தையும் பாதியாக்கி, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிப் பாருங்கள். மாதவிடாய் நின்றிருந்தால் ஒரு வார ஓய்வோடு விடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், உழைப்புக்குப் பொருந்தாத மூச்சுத்திணறல் வந்தால் பயிற்சியை அங்கேயே நிறுத்தி உடனே சிகிச்சைக்குப் போக வேண்டும்.

முதல் நாள் எதையும் அளக்காமலே தொடங்கியவர்களும் கவலைப்பட வேண்டியதில்லை. ஃபோனோ வாட்சோ இரண்டு மூன்று மாதத்துக்கு முந்தைய நடைகளை நேரம், தூரம், துடிப்போடு சேமித்து வைத்திருக்கும். அதில் சமதளப் பாதையில் நடந்த ஒரு நாளைத் தேடி எடுங்கள். அதே பாதையில், நாளின் அதே வேளையில், ஒரு கிலோமீட்டருக்கு அன்று எடுத்த அதே நிமிடக் கணக்கில் ஒருமுறை நடந்துவிட்டு, இரண்டு நாள்களின் சராசரித் துடிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.